சுண்டுவிரலுக்கு மூன்று வாரத் தவணை

போன வருஷம் கணபதி பண்டிகை முடிந்த கையோடு, என் வலது கால் சுண்டுவிரலுக்கு டாக்டர் மூன்று வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் புண் ஆறினால் விரல் இருக்கும், இல்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும். ஐம்பத்திரண்டு வருஷத்தில் அந்த விரலை நான் தனியாகப் பார்த்ததே கிடையாது. செருப்பு வாங்கும்போதுகூடப் பெருவிரல் இடிக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

நான் லிஃப்ட்மேன். மும்பை மாட்டுங்காவில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் இருபத்தாறு வருஷமாக அந்த வேலைதான். தாராவியிலிருந்து காலையில் நடந்தே போய்விடுவேன். அதற்குப் பிறகு நாள் முழுக்க ஏறி இறங்குகிறேன் என்றாலும் ஸ்டூலில் உட்கார்ந்தபடிதான் ஏறி இறங்குகிறேன். பழைய லிஃப்ட். இரும்புக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினால்தான் நகரும். சாத்துவதற்குத்தான் நான்.

எனக்குச் சுகர் வந்து ஆறு வருஷம் ஆகிறது. கட்டடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன், யாரும் கேட்கவில்லை. நானாக ஒன்றை ஆரம்பித்துப் பேச எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போதே நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். பத்தாவதோடு படிப்பு நின்றபோது அந்த ஒரு விஷயத்தில் எனக்கு நிம்மதிதான்.

கட்டடத்தில் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள், குஜராத்திகள், மராட்டிக்காரர்கள் என்று எல்லாரும் உண்டு. எல்லாருக்கும் பண்டிகை உண்டு. எல்லாப் பண்டிகைக்கும் இனிப்பு உண்டு. எந்த வீட்டு இனிப்பும் லிஃப்ட் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். நாலடிக்கு நாலடி கூண்டில் ஒருவர் தட்டை நீட்டினால் விலகிப் போக இடம் கிடையாது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் ஏழாவது மாடி வரை பேச வேண்டியிருக்கும். அதற்கு லட்டைச் சாப்பிடுவது சுலபம்.

நாலாவது மாடி மாமிதான் இதில் ரொம்ப ஒழுங்கு. பாயசம், மைசூர்பாகு, கொழுக்கட்டை எதுவானாலும் முதல் கிண்ணம் எனக்குத்தான். "இந்தாப்பா, சூடா இருக்கும்போதே சாப்பிட்டுடு" என்று கொடுத்துவிட்டு, நான் முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். என்மேல் அவ்வளவு அக்கறையா என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாப்பிட்ட பிறகு ஆள் இல்லாத லிஃப்டில் என்னை நானே திட்டுவேன். பின்சுவரில் ஒரு கண்ணாடி உண்டு. அதைப் பார்த்து, "ஏல சவத்து மூதி, அம்பது வயசுல ஒனக்கு லட்டு கேக்குதோ? திங்குத மூஞ்சியப் பாரு" என்று ஆரம்பித்தால் மூன்று மாடிக்கு வரும். திட்டி முடித்தால் உடம்புக்கு ஏதோ செய்துவிட்டது போல இருக்கும். மருந்து சாப்பிட்ட மாதிரி.

திட்டு மட்டும் போதாது என்று ஒரு கட்டத்தில் தோன்றியது. நாங்கள் கத்தோலிக்கர்கள். தப்பு செய்தால் பரிகாரம் உண்டு என்று பழகியவர்கள். எங்கள் கட்டடத்துப் படிக்கட்டு, ஒரு மாடிக்கு இரண்டு படிவரிசை. ஏழு மாடிக்குப் பதினான்கு. தவக்காலத்தில் சிலுவைப் பாதைக்குக் கோவிலில் பதினான்கு நிலை. இது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை லிஃப்டுக்கு ஓய்வு. அந்த நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறுவேன். லட்டுக்கு ஒரு தடவை, மைசூர்பாகுக்கு இரண்டு தடவை, பாயசத்துக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது. லிஃப்ட்மேன் படியேறுவதைப் பார்த்தவர்கள் லிஃப்ட் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் ஏறினார்கள்.

பாவசங்கீர்த்தனத்திலும் ஒரு தடவை இதைச் சொன்னேன். எங்கள் பங்குச் சாமியார், இனிப்பு பாவத்தில் சேராது, டாக்டரைப் பாருங்கள் என்றார். அவருக்கு வயது கம்மி. அனுபவம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் தெரு கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். அதற்கு முந்தைய மூன்று நாளும் வெறும் கஞ்சிதான். நம்பர் நன்றாக வரும். டாக்டர் "குட்" என்பார். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னது இல்லை. வரும் வழியில் சந்தோஷத்தில் ஒரு ஜிலேபி சாப்பிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் கணபதி வந்தது. பத்து நாளும் எல்லா வீட்டிலும் மோதகம். மோதகத்துக்கு எத்தனை தடவை ஏறுவது என்று நான் முன்னால் யோசித்து வைக்கவில்லை. லட்டுக்கும் மைசூர்பாகுக்கும் நடுவில் என்று முடிவு செய்து தினமும் ஏறினேன்.

எல்லாம் முடிந்து, சாமியைக் கரைத்த மறுநாள் மதியம். மேலே போய்விட்டு இறங்கி வரும்போது மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு சிவப்புக் கறை. அடுத்த படியில் இன்னொன்று. ரத்தம்தான். யாரோ குழந்தை விழுந்து அடிபட்டிருக்கிறது என்று நினைத்தேன். கறை மேலேயிருந்து வந்திருந்தது, அதனால் திரும்பி மேலே போனேன். நாலாவது மாடியில் குஜராத்தி வீட்டு மணியை அடித்து, வீட்டில் யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டேன். நான் மணி அடித்துப் பேசியதிலேயே அந்த அம்மாள் பயந்துபோய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒவ்வொருவர் கையையும் காலையும் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஐந்தாவது மாடியிலும் யாருக்கும் ஒன்றும் இல்லை. திரும்பி இறங்கினால், கொஞ்ச நேரத்துக்கு முன் சுத்தமாக இருந்த படியிலும் கறை. இவ்வளவு ரத்தம் போவதுகூடத் தெரியாமல் கட்டடம் முழுக்கச் சுற்றுகிற ஆள் யாராக இருக்கும் என்று எனக்குக் கோபமே வந்தது.

வாட்ச்மேன் கீழேயிருந்து ஏறி வந்தான். உத்தரப் பிரதேசத்துக்காரன். படியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "அண்ணா, அது உங்க கால்" என்றான் இந்தியில்.

குனிந்து பார்த்தேன். சுண்டுவிரலின் வெளிப்பக்கம் பிளந்திருந்தது. வலி என்று ஒன்றும் இல்லை. வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போலத்தான் இருந்தது.

முனிசிபல் ஆஸ்பத்திரியில் புண்ணிலிருந்து டியூப்லைட் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்தார்கள். அது உள்ளே போய்ப் பத்து நாளாவது ஆகியிருக்கும் என்றார்கள். பத்து நாளாக அதோடுதான் படியேறியிருக்கிறேன். சுகர் ரொம்ப நாள் கட்டுக்குள் இல்லாவிட்டால் காலில் உணர்ச்சி போய்விடுமாம். மராட்டிப் பெண் டாக்டர், என் மூத்த மகள் வயது இருக்கும். சுகர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது என்று கிளினிக் காகிதங்களைக் காட்டினேன். அவர் வேறு ஒரு டெஸ்ட் எழுதினார். அது மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடும். மூன்று நாள் கஞ்சியெல்லாம் அதனிடம் எடுபடாது. அப்படி ஒரு டெஸ்ட் இருப்பது எனக்குத் தெரியாது. ரிசல்டைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்போதுதான் மூன்று வாரத் தவணை. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும், காலை ஊன்றக்கூடாது, மாத்திரையும் சாப்பாடும் நேரத்துக்கு இருக்க வேண்டும். இதில் எது தவறினாலும் விரல் போய்விடும் என்றார்.

வீட்டில் சொன்னேன். படியேறியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. என் மனைவி பீடி இலை மாதிரி சுருண்டு அழுகிற ஆள் இல்லை. "ஊரான் வீட்டு இனிப்ப வாங்கித் திங்க வெக்கமில்ல, வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லத்தான் வெக்கமாக்கும்" என்றாள். பிறகு காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கட்டைப் பார்த்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாலு நாள் கழித்து வேலைக்குப் போனேன். செருப்பில் சுண்டுவிரல் பக்கத்தை வெட்டிவிட்டு, பஸ்ஸில். கட்டடச் சொசைட்டி செக்ரட்டரி காலை வைக்க இன்னொரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். ஒரு விரல் போகிற நிலையில் இருக்கிறவன் திருந்தியிருப்பான் என்று எல்லாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு முழுக்க, லிஃப்ட் காலியானபோதெல்லாம் என்னைத் திட்டினேன். முன்னால் திட்டியதெல்லாம் ஒன்றுமே இல்லை. நொண்டி, மூதி, பிள்ளைகளுக்குப் பாரம் என்று வாயில் வந்ததெல்லாம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மனசு செத்த எலி மாதிரி கிடந்தது. அந்த மனசோடு நேரே போய்க் கால் கிலோ ஜிலேபி வாங்கி, கடை ஓரமாக நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன். மறுநாள் டிரெஸ்ஸிங். எந்த முகத்தோடு போவது என்று போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் மனைவி கூடவே வந்து உட்கார வைத்தாள். கட்டைப் பிரித்தவர், ஓரம் கறுத்திருக்கிறது என்றார். தவணையில் ஒரு வாரம் அதற்குள் போய்விட்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு நாலாவது மாடி மணி அடித்தது. மாமியின் வீட்டுக்காரர். பெரிய ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், நான் சார் என்று கூப்பிடுவேன். அவருக்கும் சுகர். அது கட்டடம் முழுக்கத் தெரியும், ஏனென்றால் அவர் சொல்லிவிடுவார். தினமும் காம்பவுண்டில் பத்து சுற்று நடக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. சில நாள் லிஃப்டில் நின்றுகொண்டு, இன்னிக்கு வேண்டாம்னு பாக்கறேன் என்பார். "அஞ்சு சுத்து போதும் சார், அதுவே பெரிசு" என்பேன். அஞ்சு போவார். சில நாள் எட்டாகிவிடும். போகாத நாளிலும், நாளைக்குப் பார்க்கலாம் சார் என்று கதவைத் திறந்துவிடுவேன். இதை நான் ஒரு வேலையாக நினைத்தது இல்லை.

அன்றைக்கு அவர் உள்ளே வந்து கதவு சாத்தியதும் கேட்டார். "உன்னை ஒண்ணு கேக்கணும். தப்பா நினைச்சுக்காதே. யாரை அப்படித் திட்டறே? ஆத்துக்காரியையா?"

எனக்குப் புரியவில்லை. பின்சுவரைத் தவிர லிஃப்ட் கூண்டு முழுக்கக் கம்பிதான் என்றும், உள்ளே பேசினால் ஏழு மாடிக்கும் கேட்கும் என்றும், பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றும் அவர் விளக்கினார். தமிழ்க்காரர்கள் நான் போனில் மனைவியைத் திட்டுவதாக நினைத்திருக்கிறார்கள். குஜராத்திகள் ஜெபம் என்று நினைத்திருக்கிறார்கள். மரியாதைக்காக யாரும் கேட்கவில்லை. மூன்று நாளாக ரொம்ப மோசமாக இருந்ததால், செக்ரட்டரியிடம் சொல்வதற்கு முன் என்னையே கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறார்.

"என்னையத்தான் சார்" என்றேன்.

"உன்னையா? எதுக்கு?"

சுகர் இருப்பதைச் சொன்னேன். இனிப்பு, படிக்கட்டு, விரல், ஜிலேபி எல்லாம் சொன்னேன். அதற்குள் கீழே வந்துவிட்டோம். அவர் இறங்கவில்லை. மேலே போ என்று கையைக் காட்டினார். ஏழாவது மாடிக்கு விட்டேன்.

"எனக்கும் சுகர்தான். நானும் திருட்டுத்தனமா திங்கறவன்தான். நீயே ரெண்டு தடவை பாத்திருக்கே. என்னை ஏன் ஒரு நாளும் திட்டலை?"

"ஒங்கள எப்படி சார் திட்டுவேன்."

"திட்டினா என்னாகும்?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால் நானும் யோசித்துச் சொன்னேன். "மனசு விட்டுப்போகும் சார். நடக்க வர மாட்டீங்க. எங்கயாவது போயி இன்னும் ரெண்டு கூடத் திம்பீங்க."

சொல்லிவிட்டு லிஃப்டை நிறுத்தினேன். ஏழாவது மாடி வந்திருந்தது. அங்கே யாரும் மணி அடிக்கவில்லை. நான் பின்சுவர்க் கண்ணாடியைப் பார்த்தேன். கீழே விடு, இருட்டறதுக்குள்ளே நடக்கணும் என்றார் சார்.

அவர் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. மறுநாள் காலையில் மாமி கையில் ஒன்றும் இல்லாமல் லிஃப்டுக்கு வந்து நின்றார். நான் அப்படி அவரைப் பார்த்ததே இல்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ? இவர் கைக்கு எட்டாம இருக்கட்டும்னு நான் உனக்கில்லையோ கொண்டுவந்து கொட்டினேன்" என்றார். வீட்டில் மிச்சம் வைத்தால் சார் எடுத்துவிடுவார் என்பதால், தீரும் வரை நின்று பார்த்திருக்கிறார். ஒரு சுகர்காரரைக் காப்பாற்ற இன்னொரு சுகர்காரனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. பரவாயில்லை மாமி, எல்லாம் நல்லாத்தான் இருந்தது என்றேன். அதற்கு அவர் அழுதுவிட்டார். அந்த வாரத்திலிருந்து எனக்குச் சுண்டல் வருகிறது.

திட்டுவதை நிறுத்துவது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. இனிப்பை நிறுத்துவதுகூட அவ்வளவு இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பிள்ளைக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். கேக் கொடுத்தார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் வாய் தானாகத் திறந்தது. சாருக்குச் சொல்கிற மாதிரி எனக்கும் சொல்லிப் பார்ப்போம் என்று முயற்சி செய்தேன். வரவில்லை. பரவாயில்லை என்று சொன்னால் நக்கல் செய்வது போல இருந்தது. கடைசியில், "பரவாயில்ல சார், ராத்திரி ஒழுங்கா சாப்பிடுங்க, நாளைக்கு டிரெஸ்ஸிங் போயிருவோம்" என்று சார் போட்டுச் சொன்னபோதுதான் குரல் சரியாக வந்தது. உள்ளே இருந்து மனைவி யாரு வந்திருக்காங்க என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன்.

ராத்திரி இரண்டு சப்பாத்தியும் கீரையும் சாப்பிட்டேன். பட்டினி போடவில்லை. மாத்திரை போட்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு டிரெஸ்ஸிங் வரிசையில் நின்றேன். வேறு பெரிய மாற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தின்ற மறுநாளும் போய் நின்றேன், அவ்வளவுதான்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் கட்டு நனையாதபடி என் கால்களை வெந்நீரில் கழுவாமல், சாதாத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, விரல் இடுக்கெல்லாம் பார்த்தேன். வெந்நீர் கூடாதாம், சுட்டாலும் எனக்குத் தெரியாது என்பதால். முதலில் கூச்சமாக இருந்தது.

மூன்று வாரம் முடிந்து டாக்டரிடம் போனேன். கேஸ் பேப்பரைப் புரட்டிக்கொண்டே, சாப்பாடு எப்படி என்று இந்தியில் கேட்டார். சரியாக இருக்கிறது என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நிறுத்தி, நடுவில் ஒருநாள் கேக் சாப்பிட்டதைச் சொன்னேன். ஒன்றா என்றார். இரண்டு என்றேன். முதல் வாரம் கால் கிலோ ஜிலேபி, அதனால்தான் டிரெஸ்ஸிங்குக்கு வரவில்லை என்பதையும் சொன்னேன். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். எழுதிக்கொண்டார். காலை மேலே வையுங்கள் என்றார்.

கட்டைப் பிரித்து, விளக்கை இழுத்து வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் மராட்டியில் பேசிக்கொண்டார்கள். கறுத்த தோல் உதிர்ந்து கீழே சிவப்பாகத் தசை வந்திருக்கிறது, ரத்தம் ஓடுகிறது, எடுக்க வேண்டாம் என்றார் என்னிடம். நகம் வளராது, விரல் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். சரி என்றேன்.

பிறகு காலில் உணர்ச்சி எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவர் காலில் அங்கங்கே தொடுவார், தெரிந்தால் "ஹாங்" என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. தொட்டுவிட்டாரா, இனிமேல்தான் தொடப் போகிறாரா என்று தெரியவில்லை. இந்நேரம் தொட்டிருப்பார், இப்போது ஹாங் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு கணக்கு மனசில் ஓடியது. சொல்லவில்லை.

"தெரியல மேடம்" என்றேன்.

பேனா காகிதத்தில் உராய்கிற சத்தம் கேட்டது. சுண்டுவிரலுக்கு அடுத்து எங்கேயோ தொட்டிருக்க வேண்டும், அதுவும் தெரியவில்லை, அதையும் சொன்னேன். குதிகாலுக்கு மேலே எறும்பு ஊர்வது போல ஒன்று வந்தது. அது நிஜமா என்று நிச்சயம் செய்துகொள்ளக் கொஞ்சம் பொறுத்தேன்.

"ஹாங்" என்றேன்.